ஏவலுக்கு அஞ்சும் பிள்ளைகள்



ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் ஒரு பழமொழி. மாட்டுத் தொழுவத்திற் பிறந்த இவ்வறிவு பிள்ளை வளர்ப்புக்கும் பொருந்தும். ஆனால், பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எடுத்தாள்வது இதனை அன்று. "அடியாத மாடு படியாது" என்னும் மற்றொன்றையே ஆகும். எந்தப் பிள்ளைக்கு எந்த வழி ஏற்றது என்பதை அறியாமையினால் பல வீடுகளில் நாள்தோறும் கண்ணீர் பெருகுகின்றது. அக்கண்ணீர் பெரும்பாலும் மிகச் சிறிய காரியங்களிலேயே தொடங்குகின்றது. சாப்பிட்ட தட்டைக் கழுவுதல், சப்பாத்தை ஓரமாக வைத்தல், முற்றத்தைக் கூட்டுதல், கடைக்குப் போய் வருதல் முதலிய வீட்டு வேலைகளே அவை. இன்றைய பேச்சு இவ்வேலைகளையும், பிள்ளையின் கையில் நாம் கொடுக்கும் கைச்செலவுக் காசையும் பற்றியது.

கண்டி நகரிலோ கட்டுகஸ்தோட்டையிலோ உள்ள ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பிற்பகல் இரண்டு மணி. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பாடசாலையிலிருந்து வந்திருக்கிறான். "மகன், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வையுங்கோ" என்கிறார் தாயார். அவன் காதில் விழாதவன் போல நிற்கிறான். மீண்டும் சொன்னால், "கால் நோகிறது" என்கிறான். மூன்றாம் முறை சொன்னால், தன்னைப் பூனையாகப் பாவித்து, பூனைக்குச் சப்பாத்து இல்லை என்று சொல்லி மேசையின் கீழ்ப் புகுந்துகொள்கிறான். நான்காம் முறை தாயாரின் குரல் உயர்கின்றது. சப்பாத்து சுவரை நோக்கிப் பறக்கின்றது. அழுகையும் கூச்சலும் எழுகின்றன. அயல்வீட்டார் எட்டிப் பார்க்கின்றனர்.

இச்சிறுவன் யார்? முதல்நாள் மாலை, எவரும் கேளாதிருக்கையில், வீட்டிலுள்ள எல்லோருடைய சப்பாத்துகளையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி அடுக்கி வைத்தவனும் இவனே. அப்படியாயின் இவனுக்கு வேலை தெரியாததன்று. வேலையில் வெறுப்பும் அன்று. நேற்று இருந்த கை இன்றும் இருக்கின்றது. நேற்று இல்லாதிருந்து இன்று வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அது "செய்" என்னும் ஏவல்.

இன்னொரு பிள்ளையைக் காண்போம். எசல பெரஹராவைப் பார்க்க வேண்டுமென்று ஒரு மாதமாக நாளெண்ணிக்கொண்டிருந்த சிறுமி அவள். யானைகளின் படங்களையெல்லாம் வரைந்து வைத்திருந்தாள். புறப்படும் வேளை வந்தது. "சட்டையை மாற்றுங்கோ மகள், நேரம் போகுது" என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கட்டிலின் கீழ் ஒளிந்துகொண்டாள், வரமாட்டேன் என்றாள். வீட்டார் அவளை விட்டுச் செல்ல முடியாமல் வீட்டிலேயே தங்கினர். இரவெல்லாம் அவள் பெரஹராவைக் காணவில்லையே என்று தேம்பினாள். பிடிவாதக்காரப் பிள்ளை தான் விரும்பியதைப் பெறுவதற்காக மறுக்கும். இந்தப் பிள்ளையோ தான் விரும்பியதையும் இழந்துகொண்டு மறுக்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே நாம் செய்யும் முதற்பிழை.

அறிவியலார் இதனைப் பற்றிக் கூறுவது யாது? மனித மூளை எல்லார்க்கும் ஒரே வார்ப்பில் அமைவதில்லை. கவனம் நிலைக்கும் விதம், ஓசையையும் ஒளியையும் தாங்கும் விதம், பிறரோடு பழகும் விதம் ஆகியவற்றிற் பிறவியிலேயே வேறுபட்டவர்கள் உளர். இவ்வேறுபாட்டை இன்று நரம்பியற் பன்மை என்கின்றனர். ஓட்டிசம் என்று மருத்துவர்களும் மதியிறுக்கம் என்று தமிழ் நூலாரும் வழங்கும் நிலை இதனுள் அடங்கும். கவனக் குறைபாடும் மிகையான துடிதுடிப்பும் சேர்ந்த நிலையும் இதனுள் அடங்கும். இது எங்கோ மேல்நாட்டில் மட்டும் காணப்படுவது என எண்ண வேண்டா. இலங்கையின் புறநகர்ப் பகுதியொன்றில் ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. அது சிறியதோர் ஆய்வு. நாடு முழுவதற்குமான கணக்கன்று. எனினும் நம் தெருவிலும் நம் பாடசாலையிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பர் என்பதை அறிய அது போதும்.

இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய எலிசபெத் நியூசன் என்னும் உளவியல் அறிஞர், 1980களில் தம்மிடம் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுட் சிலர் ஒரு தனித்தன்மை உடையோராய் இருத்தலைக் கண்டார். அன்றாட வாழ்வின் மிகச் சாதாரணமான கோரிக்கைகளையும் அவர்கள் எவ்வகையிலேனும் தவிர்த்தனர். சாக்குச் சொல்லினர், பேச்சை மாற்றினர், வேறொருவராக நடித்தனர், முடியாதபோது வெடித்தனர். 2003ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் இதனை விரிவாக எழுதினர். இதனை நாம் ஏவல் தவிர்ப்பு எனலாம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாட்டிலும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் இது தனியொரு நோயாக இடம்பெறவில்லை. இது ஓட்டிசத்தின் ஒரு முகமா, அச்சத்தின் ஒரு வடிவமா, பல காரணங்கள் கூடிய ஒரு நடத்தையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், இப்பிள்ளைகளின் மறுப்புக்குப் பின்னால் பெரும் மனப்பதற்றம் நிற்கின்றது என்பதைப் பலரும் ஏற்கின்றனர்.

பிறர் நம்மை ஏவும்போது உள்ளம் சிறிதளவு எதிர்த்தெழுவது எல்லார்க்கும் இயல்பே. தன் விருப்பம் பறிபோகின்றது என உணரும் மனிதன் அதனை மீட்க முயல்வான் என்பதை ஜாக் பிரெம் என்னும் அமெரிக்க அறிஞர் 1966இலேயே ஒரு கோட்பாடாக வகுத்தார். நமக்கு அந்த எதிர்ப்பு நுளம்புக்கடி போன்றது. சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இப்பிள்ளைகளுக்கோ அது குளவிக்கூடு கலைந்தது போன்றது. குளவி துரத்தும்போது தட்டைக் கழுவு என்றால் எவர் கழுவுவார்?

இதனை அறியாதிருந்தால் வரும் கேடு சிறிதன்று. பிள்ளை முதலில் "பஞ்சிக்காரன்" என்று பெயர் பெறுகின்றான். பிறகு "அடங்காதவன்" ஆகின்றான். பின்னர் அப்பெயர்களைத் தானே நம்பத் தொடங்குகின்றான். அடித்தால் அவனது அச்சம் இரட்டிக்கின்றது. அச்சம் இரட்டித்தால் தவிர்ப்பும் இரட்டிக்கின்றது. தாயார் சலித்து, எல்லா வேலையையும் தாமே செய்துவிடுகின்றார். இவ்வாறு ஆண்டுகள் கழிகின்றன. பதினெட்டு வயதில் அப்பிள்ளைக்கு ஒரு சுண்டு அரிசியை உலையிலிடத் தெரிவதில்லை. நூறு ரூபாய்க்கு மிச்சக்காசு எவ்வளவு என்று கடையில் நின்று கேட்கத் துணிவு வருவதில்லை. பெற்றோர் உள்ளவரை ஒருவாறு நடக்கும். அதன்பின்? இப்பிள்ளைகளைப் பெற்றோர் நள்ளிரவில் விழித்திருந்து எண்ணும் கேள்வி இதுதான். ஆகவே வேலையைக் கைவிடுவதும் வழியன்று. அடித்து ஏவுவதும் வழியன்று. வேலையை வைத்துக்கொண்டு ஏவலை நீக்குவதே வழி.

அஃது எவ்வாறு கூடும்? முதலில் ஒரு நாளில் நம் பிள்ளை எத்தனை ஏவல்களைச் சுமக்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழும்பு, பல்லைத் துலக்கு, உடு, உண், ஓடு என்று விடியுமுன்னரே தொடங்குகின்றது. கண்டியின் காலை வாகன நெரிசலிற் சிக்காதிருக்க வேண்டுமாயின் இருளிலேயே புறப்பட வேண்டும். ஏழரை மணி முதல் ஒன்றரை மணி வரை பாடசாலையில் ஏவல் மேல் ஏவல். அதன்பின் தனியார் வகுப்பு. ஐந்தாந் தரத்துப் பிள்ளையாயின் புலமைப்பரிசிற் பரீட்சை என்னும் பெருஞ்சுமை வேறு. பாடசாலையில் வாய்திறவாமல் அடங்கியிருந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வெடிப்பதைக் கண்டு, "எங்களிடம் மட்டும்தான் இவன் இப்படி" என்று பெற்றோர் வருந்துவர். நிறைந்த குடம் வீட்டு வாசலில் வந்து தளும்புகின்றது என்பதே அதன் பொருள். ஆகவே பாடசாலை விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம் கேள்வியும் வேண்டா, ஏவலும் வேண்டா. ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் அருகில் வைத்துவிட்டு விலகியிருத்தல் நன்று. சப்பாத்து கிடந்த இடத்திலேயே சற்று நேரம் கிடக்கட்டும்.

இரண்டாவது, நாம் பேசும் முறையை மாற்றுதல். "மழை வருது, ஓடிப்போய்த் துணியை எடு" என்பது ஏவல். "ஹந்தானைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருது, கொடியில் துணி கிடக்குது" என்பது செய்தி. செய்தியைக் கேட்ட பிள்ளை தானே முடிவு செய்கின்றது. எழுந்து போனால் அது அவனுடைய செயல். போகாவிடின் நாம் போய் எடுத்துவிட வேண்டும்; முகத்தைச் சுளித்துக்கொண்டன்று, இயல்பாக. செய்தியின் வாலில் ஓர் ஏவலை மறைத்துக் கட்டிவைத்தோமாயின் பிள்ளை அதனை உடனே கண்டுகொள்ளும். இப்பிள்ளைகளின் கண்ணுக்குத் தந்திரம் தப்புவதில்லை.

மூன்றாவது, உண்மையான தெரிவைக் கொடுத்தல். "இடியப்பத்துக்குச் சம்பலா, சொதியா? எதற்குத் தேங்காய் துருவ வேணும் என்று நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டால், வேலையின் தலைமை பிள்ளையின் கைக்குப் போகின்றது. "இரண்டும் வேண்டாம்" என்ற விடையும் ஏற்கப்பட வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாத தெரிவு தெரிவன்று.

நான்காவது, கூடச் செய்தல். தனியே விடப்பட்ட வேலை மலை போலத் தோன்றும். தாயார் தட்டைக் கழுவித் தர, பிள்ளை துடைத்து வைக்கலாம். தகப்பனார் முற்றத்தின் ஒரு பாதியைக் கூட்டிவிட்டு, மற்றப் பாதியின் ஓரத்தில் தும்புத்தடியைச் சாத்தி வைத்துவிட்டு வரலாம். இவ்வளவு போதும். "மிச்சத்தை நீ கூட்டு" என்ற சொல் வேண்டா.

ஐந்தாவது, பிள்ளையின் ஆர்வத்தின் வழியே வேலையைத் தேடுதல். எண்களில் ஈடுபாடுள்ள பிள்ளையிடம் மின்மானியைக் காட்டி, ஒரு நாளைக்கு எத்தனை அலகு ஓடுகின்றது என்று நாமே உரத்து வியந்தால், மறுநாள் அப்பிள்ளையே குறிக்கத் தொடங்கலாம். செடிகொடிகளில் ஈடுபாடுள்ள பிள்ளை பேராதனைப் பூங்காவிற் கண்டதைத் தன் வீட்டுச் சாடியில் வளர்த்துப் பார்க்க விரும்பலாம். செடிக்குத் தண்ணீர் விடுதல் அவ்வீட்டில் ஒரு வேலையாகாமல் ஒரு வாழ்வாகும். பூனையாக நடிக்கும் சிறுவனிடம், "பூனையாரே, எலி ஒன்று அந்தச் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்குதாம்" என்று சொன்னால் அவன் சிரித்துக்கொண்டு வெளியே வரக்கூடும். விளையாட்டு இங்கே ஏமாற்றன்று. அச்சத்தைக் கடக்க இட்ட பாலம்.

ஆறாவது சற்று வியப்பைத் தரும். இப்பிள்ளைகளிற் பலர்க்குப் புகழ்ச்சியும் ஒரு சுமையே. "என் தங்கம், எவ்வளவு நல்ல பிள்ளை! நாளைக்கும் இப்படியே செய்ய வேணும்" என்றால், நாளைக்கான ஏவல் இன்றே பிறந்துவிடுகின்றது. "துணி நனையவில்லை, நல்லதாய்ப் போச்சு" என்பது போதுமான நன்றி.

அப்படியாயின் எதையுமே கட்டாயப்படுத்தக் கூடாதா என்று சிலர் கேட்பர். சிலவற்றைக் கட்டாயப்படுத்தத்தான் வேண்டும். தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்தல், அடுப்பருகே விளையாடாமை, மருந்து உண்ணுதல், பிறரை அடியாமை என்பன போன்ற நான்கைந்தைத் தெரிந்தெடுத்து, அவற்றில் உறுதியாக நிற்க வேண்டும். நாற்பது காரியங்களில் உறுதியாக நிற்போர்க்கு, உயிர் காக்கும் நான்கிலும் நிற்க வலிமை எஞ்சுவதில்லை.

இனிக் காசைப் பற்றிப் பேசுவோம். தட்டுக் கழுவினால் பத்து ரூபாய், முற்றம் கூட்டினால் இருபது ரூபாய், செய்யாவிட்டால் கழிவு என்று ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகி வருகின்றது. பல பிள்ளைகளுக்கு இது பலன் தரலாம். ஏவலுக்கு அஞ்சும் பிள்ளைக்கோ, அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஓர் ஏவல். ஒவ்வொரு ரூபாயும் ஒரு மிரட்டல். முதல் மூன்று நாள் உற்சாகமாகச் செய்யும். நான்காம் நாள் பட்டியலையே கிழித்தெறியும். நாம் காசு கொடுத்தோம் என்று எண்ணியிருக்க, பிள்ளை தன் கழுத்திற் கயிறு விழுந்தது என்று உணர்ந்திருக்கும்.

கூலி பிள்ளையின் உள்ளார்வத்தைத் தின்றுவிடக்கூடும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்று. 1973ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் மூவர், அமெரிக்காவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியிற் படம் வரைதலை விரும்பும் குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். வரைந்தால் நாடாவும் பொன்முத்திரையும் உள்ள பரிசுப் பத்திரம் கிடைக்கும் என்று ஒரு சாராருக்கு முன்கூட்டியே கூறினர். மற்றொரு சாராருக்கு முன்னறிவிப்பின்றிப் பரிசு தந்தனர். மூன்றாஞ் சாராருக்கு ஒன்றும் தரவில்லை. சில நாட்களின் பின்னர், பரிசுக்கென்றே வரைந்த குழந்தைகள், மற்றையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியளவு நேரமே தாமாக வரைந்தனர். விளையாட்டாயிருந்தது வேலையாகிவிட்டது. அக்குழந்தைகள் நாம் பேசும் வகையைச் சேர்ந்தோர் அல்லர். ஆயினும் கூலியின் மறுபக்கத்தை அவ்வாய்வு நமக்குக் காட்டுகின்றது.

எனவே காசையும் வேலையையும் இரண்டு வேறு பெட்டிகளில் வைத்தல் நன்று. ஒவ்வொரு வாரமும், ஒரே நாளில், ஒரே தொகையை, எந்த நிபந்தனையுமின்றிப் பிள்ளைக்குக் கொடுங்கள். இத்தொகை வீட்டின் ஓர் உறுப்பினர் என்பதற்கான பங்கு. நல்ல நாளுக்குக் கூடுவதுமில்லை. கெட்ட நாளுக்குக் குறைவதுமில்லை. சப்பாத்து பறந்த சனிக்கிழமையும் அக்காசு வந்து சேர வேண்டும். அன்றுதான் பிள்ளை ஒரு பெரிய பாடத்தைக் கற்கின்றது: என் வீட்டார் என்னைக் காசால் ஆட்டுவிக்கமாட்டார்கள்.

இதன்பின், விரும்பினால் மேலதிகமாக உழைத்துப் பெறுவதற்குச் சில வேலைகளை ஒரு தாளில் எழுதி, விலையுங் குறித்து, சமையலறைக் கதவில் ஒட்டிவிடலாம். தண்ணீர்த் தாங்கியின் வெளிப்புறம் கழுவுதல், பழைய கடதாசிகளைக் கட்டி வைத்தல், மிளகு காயவைத்தல் போன்றவை அதில் இருக்கலாம். அத்தாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசலாகாது. நினைவூட்டலாகாது. ஒரு மாதம் ஒருவரும் தொடாவிட்டாலும் அது அங்கேயே இருக்கட்டும். என்றோ ஒரு நாள், தான் விரும்பிய நிறப்பெட்டிக்கு எண்பது ரூபாய் குறைகின்றது என்று பிள்ளை தானே கணக்குப் பார்த்து, அத்தாளின் முன் போய் நிற்கும். காசு அப்பொழுது கயிறாயிராது, ஏணியாயிருக்கும்.

வாராந்தக் காசைப் பிள்ளை எவ்வாறு செலவழிப்பது என்பதிலும் நம் கை நீளக் கூடாது. கண்டிச் சந்தைக்குப் போகும் வழியில் முழுக் காசையும் பலூனுக்கும் இனிப்புக்கும் கொடுத்துவிடலாம். அடுத்த வாரம்வரை கையில் ஒன்றும் இராது. அந்த வெறுமையே ஆசிரியர். "சொன்னேனே, கேட்டாயா?" என்று நாம் இடையில் நுழைந்தால், பிள்ளை காசைப் பற்றிக் கற்பதை விட்டு நம்மோடு போரிடத் தொடங்கும்.

சேமிப்பையும் கட்டாயமாக்க வேண்டா. சேமிக்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இலும் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1885இலும் தோன்றின. அவை இணைந்து 1972இல் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று. சிறுவர்க்கெனத் தனிக் கணக்குகளும் வங்கிகளில் உண்டு. பிள்ளையை அழைத்துச் சென்று, அதன் பெயர் எழுதிய புத்தகத்தை அதன் கையிற் கொடுக்கலாம். அதற்குமேல் அப்புத்தகம் பிள்ளையுடையது. தன் பெயருக்கு நேரே எண்கள் வளர்வதைக் காணும் இன்பம், ஆயிரம் அறிவுரைக்கு மேலானது.

இங்கே மூன்று தடைகள் எழும். "உழைக்காமல் காசு வரும் என்று பிள்ளை எண்ணிவிடாதா?" என்பது முதலாவது. நாம் வீட்டில் உழைத்தா சோறு உண்டு வளர்ந்தோம்? குடும்பத்தில் ஒருவர்க்கொருவர் உரிய பங்கு உண்டு. உழைத்துப் பெறுவதற்குத் தனியே ஒரு தாள் கதவில் இருக்கின்றது. இரண்டையும் கண்டு வளரும் பிள்ளை இரண்டின் வேறுபாட்டையும் அறியும்.

"தங்கைக்கு ஏவுகிறீர்கள், அண்ணனுக்கு ஏவுவதில்லை, இது நீதியா?" என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. தங்கையும் ஒரு பிள்ளை. அவள் மேல் இரட்டிப்புச் சுமை விழுதல் கூடாது. வாரக் காசு இருவர்க்கும் வயதுக்கேற்ப ஒரே விதியில் அமைய வேண்டும். கதவுத் தாள் இருவர்க்கும் பொதுவாக வேண்டும். "உங்கள் அண்ணனுக்கு ஏவல் சொல் நெருப்புப் போலச் சுடும், அவரை வேறு விதமாய்க் கேட்கிறோம்" என்று அவளிடம் உண்மையைச் சொல்லலாம். கண்ணாடி அணிந்த பிள்ளையைக் கண்டு மற்றப் பிள்ளை பொறாமை கொள்வதில்லை, காரணம் தெரிவதால்.

"எங்களிடம் கொடுக்கக் காசு எங்கே?" என்பது மூன்றாவது. மலைச்சரிவுத் தோட்டங்களின் லயன் அறைகளிலும், நகரின் நெருக்கமான வாடகை வீடுகளிலும் வாழ்வோர் கேட்கும் கேள்வி இது. தொகை பெரிதன்று, தவறாமையே பெரிது. வாரம் இருபது ரூபாயானாலும் சொன்ன நாளில் வருமாயின் போதும். அதுவும் இயலாவிடின், சந்தையில் எந்தக் காய்கறியை வாங்குவது என்ற முடிவை வாரம் ஒருமுறை பிள்ளையிடம் விடலாம். காசைப் பெறுதல் மட்டுமன்று, காசைப் பற்றி முடிவெடுத்தலும் ஒரு பங்கே.

இவையெல்லாம் செய்தும் சில நாட்கள் கவிழும். வெடித்து அழும் நேரம் போதிக்கும் நேரமன்று. உடைபடுவனவற்றை அகற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அருகிருக்கலாம்; தொடுவது பிடிக்காத பிள்ளையாயின் சற்று எட்டியிருக்கலாம். அமைதி திரும்பியபின், "எந்த இடத்தில் கஷ்டமாய்ப் போச்சு?" என்று ஒருமுறை கேட்கலாம், விடை வராவிட்டால் விட்டுவிடலாம். "எங்கள் காலத்தில் இரண்டு போட்டால் சரியாய்ப் போகும்" என்று கூறும் பாட்டனார், பாட்டிமாருக்கும் பொறுமையாக விளக்க வேண்டும். அவர்கள் காலத்திலும் இத்தகைய பிள்ளைகள் இருந்தனர். அடியினால் திருந்தினர் என்று நாம் எண்ணியோரிற் சிலர் வாய்மூடி ஒடுங்கினரேயன்றித் திருந்தினரல்லர். பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடுத்து நம் கல்வி அமைச்சும் 2016இற் சுற்றறிக்கை விடுத்திருக்கின்றது. ஆசிரியரிடம் பேசுவதற்குப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மறுக்கும் பிள்ளையெல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. காது சரியாகக் கேளாமை, நித்திரைக் குறைவு, பாடசாலையிற் பகிடிக்கு ஆளாதல், வீட்டுச் சண்டை ஆகியனவும் பிள்ளையை இவ்வாறு ஆக்கலாம். பெரஹராவின் சவுக்கொலியையும் முரசொலியையும் தாங்கமாட்டாமல் மறுக்கும் பிள்ளையும் உண்டு. அதற்கு வேண்டுவது வேறு உதவி. ஆகவே நாமே பெயர் சூட்டாமல், தக்காரிடம் காட்டுதல் வேண்டும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீடு தேடி வரும் குடும்பச் சுகாதார உத்தியோகத்தரிடமோ முதலிற் கூறலாம். பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும், கண்டித் தேசிய வைத்தியசாலையும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வைத்தியரிடம் செல்லுமுன் ஒரு வாரம் ஒரு கொப்பியில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன கேட்டோம், எந்தச் சொல்லாற் கேட்டோம், பிள்ளை என்ன செய்தது. மொழிச் சிக்கலாலும் பதற்றத்தாலும் வைத்தியர் முன் சொல்லத் தவறுவதை அக்கொப்பி சொல்லிவிடும். பல வேளைகளில் அதனை எழுதும்போதே நமக்கும் கண் திறக்கும்.

நேயர்களே, வீட்டு வேலையிற் பிள்ளை வெற்றி பெறுதல் என்றால் என்ன? நாம் சொன்னவுடன் எழுந்து செய்தல் என்றே இதுவரை எண்ணியிருந்தோம். அது கீழ்ப்படிதல், அதுவும் நன்றே. ஆனால் நாம் இல்லாத நாளில், நம் குரல் கேளாத வீட்டில், பசித்தபோது உலை வைக்கவும், மழை வந்தபோது துணி எடுக்கவும், கையிலுள்ள காசு வெள்ளிவரை போதுமா என்று எண்ணிப் பார்க்கவும் அப்பிள்ளையால் முடியுமா என்பதே முடிவான சோதனை. ஏவலினால் மட்டும் நடந்த கை, ஏவுவோர் இல்லாதபோது நின்றுவிடும். தானே தெரிந்தெடுத்து நடந்த கை நில்லாது. இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரேயொரு ஏவலைச் செய்தியாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பலன் உடனே தோன்றாவிட்டாலும், நாளையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.